ஒரு கல்லூரி அணியும் ஓர் அபிமானியும்



கொச்சி மாநகரின் எறணாகுளம் பகுதியில் பிராட்வே என்றொரு கடைவீதி இருக்கிறது. பெயருக்குப் பொருள் அகன்ற வீதி என்பது. ஆனால் மழைக்காலத்தில் குடை பிடித்த இருவர் அவ்வீதியில் எதிரெதிரே வந்தால், ஒருவர் தம் குடையைச் சாய்த்தே ஆக வேண்டும். மட்டாஞ்சேரியிலிருந்து படகேறிக் காயலைக் கடந்து வருவோர், துறையில் இறங்கிச் சற்று நடந்தால் இவ்வீதியை அடைந்து விடலாம். துணி, பாத்திரம், காலணி, மருந்து, மசாலைச் சரக்கு என்று இங்கே கிடைக்காத பொருள் அரிது. இதற்கு இணையாக மேற்கே செல்லும் சாலைக்குச் சண்முகம் சாலை என்று பெயர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயரே அது. சுதந்தர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவரே. ஆகவே, பிராட்வேயில் பிழைக்க வந்த தமிழன் மேற்கே திரும்பினால் தன் நாட்டார் ஒருவரின் பெயரைக் காணலாம். தெற்கே கால்மணி நேரம் நடந்தால், மகாராஜா கல்லூரியின் விளையாட்டு மைதானத்தைக் காணலாம். நான் தெற்கே நடந்தவன். அந்த நடையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1969-ஆம் ஆண்டு, பதினேழாவது வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தேன். முதலாளியும் எங்கள் சீமைக்காரரே. கடைக்குள் தமிழ்; படியிறங்கினால் மலையாளம். இரண்டும் ஒரு கொடியின் இரு கிளைகள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். வேலைக்கு வந்த பையனுக்கு அந்த உறவு உடனே விளங்குவதில்லை. வாடிக்கையாளர் சொன்னது பாதி புரியும். மீதியை அவர்கள் கை காட்டும் திசையிலிருந்து அறிந்துகொள்வேன். இரவில் கடை அடைத்தபின் உறங்குவதும் அக்கடையின் பரணிலேதான். ஊரில் இருக்கிறேன், ஆனால் ஊரார் எவரையும் அறியேன் என்ற நிலை. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை, ஒரு வீட்டில் துணிக்கட்டைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பும்போது, மகாராஜா கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் பந்தாடுவதைக் கண்டேன். இடவப்பாதி மழை பெய்து ஓய்ந்த நேரம். மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. பந்து அங்கே போய்ச் சேர்ந்ததும் பசை போட்டாற்போல் நின்றுவிட்டது. இருபுறத்தாரும் வழுக்கி விழுந்து எழுந்தார்கள். யார் எந்த அணி என்று சேறு மறைத்துவிட்டது. ஓரத்தில் நின்ற முப்பது நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வூருக்கு வந்தபின், பிறர் சிரித்த அதே காரணத்துக்காக அதே கணத்தில் நான் சிரித்தது அதுவே முதல் தடவை.

அன்றே அவ்வணிக்கு நான் அபிமானியானேன்.

கல்லூரி அணியின் அபிமானி என்பவன் மற்றைய அபிமானிகளைப் போன்றவன் அல்லன். நகரத்துச் சங்கங்களின் அணியில் ஒரு நல்ல ஆட்டக்காரர் பத்து ஆண்டுகள் நிலைத்திருக்கலாம். கல்லூரி அணியிலோ மூன்று ஆண்டுகளே. பட்ட மேற்படிப்புக்கும் தங்கினால் இன்னும் இரண்டு. ஒருவனுடைய ஓட்டமும் உதையும் நமக்குப் பழகி, அவன் பந்தை எங்கே திருப்புவான் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் வரும்போது, அவன் பட்டம் பெற்றுப் போய்விடுவான். ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றின்மீது அன்பு வைப்பதுதான் இந்த அபிமானம். ஆற்றைப் பார்த்து நிற்பவன் எந்தத் தண்ணீரை நேசிக்கிறான்?

அதன் ஆண்டுச் சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் மழையோடு கல்லூரி திறக்கும். அடுத்த சில வாரங்களில் புது மாணவர்களை ஆடவிட்டுப் பார்த்து அணி சேர்ப்பார்கள். பள்ளியில் பேரெடுத்துப் புதுக் காலணியோடு வந்தவன் தேறாமல் போவதும், கூச்சத்தோடு ஓரத்தில் நின்ற ஒருவன் தேர்வு பெறுவதும் அப்போது நடக்கும். மழை தணியும் காலத்தில் நட்பு ஆட்டங்கள். பின்பு கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள். அவற்றில் திறமை காட்டியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி வெளியூர் சென்று பிற பல்கலைக்கழகங்களோடு மோதும். பிப்ரவரி பிறந்தால் பந்து அலமாரிக்குள் போகும். புத்தகம் வெளியே வரும். மார்ச்சில் பரீட்சை. அதற்குப்பின் மைதானத்தில் ஆடுகள்தாம் மேயும்.

இவ்வளவையும் பார்க்க ஒரு கடைப்பையனுக்கு நேரமேது என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டம் தொடங்கும் மாலை நேரந்தான் கடைக்கும் வியாபார நேரம். முதல் இரண்டு வாரம் பொய் சொல்லிப் போனேன். மூன்றாவது வாரம் அகப்பட்டுக்கொண்டேன்.

“எலே, நீ இங்க கடையைப் பாக்க வந்தியா, பந்தைப் பாக்க வந்தியா?” என்று கேட்டார் முதலாளி.

“கடையைத்தான், அண்ணாச்சி. ஆனா வாரத்துல ரெண்டு நாள் மட்டும் சாயங்காலம் விட்டீங்கன்னா, காலையில ஒரு மணி நேரம் முந்தி எந்திரிச்சு எல்லா வேலையும் முடிச்சு வச்சிருவேன்” என்றேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, முன்னதாக எழுவதற்கும் சம்மதித்தார். அத்துடன் அவ்விரண்டு நாட்களுக்கும் கூலியில் கால் பங்கைக் கழிப்பதாகவும் தீர்ப்புச் சொன்னார். அன்று அது எனக்குக் கொடுமையாகவே தோன்றியது. ஊருக்கு அனுப்பும் பணத்தில் அந்தக் குறை தெரிந்தது. அம்மா எழுதுவித்த கடிதத்தில், வேலை எப்படி, உடம்பு எப்படி என்ற கேள்விகளுக்கு நடுவில், பணம் ஏன் குறைந்தது என்ற கேள்வியும் வந்தது. பந்து பார்க்கப் போனேன் என்று எப்படி எழுதுவது? மறுவாரமே ஒரு வேளைச் சிற்றுண்டியை நிறுத்தி அக்குறையை ஈடு செய்தேன். விளையாட்டைப் பார்ப்பதற்கு ஒருவன் விலை கொடுக்கிறான் என்றால், அது நுழைவுச் சீட்டின் விலை மட்டும் அன்று என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

இனி, என்னைச் சோதித்த நாளுக்கு வருகிறேன். நான் வந்த இரண்டாம் ஆண்டில், சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அணி நட்பு ஆட்டத்துக்கு வந்திருந்தது. அன்று மைதானத்தின் ஓரத்தில் தமிழ் கேட்டது. கடைத் தமிழ் அல்ல. என் வயதுப் பிள்ளைகள் கேலி பேசிச் சிரிக்கும் தமிழ். “மச்சான், இந்தப் பக்கம் கொடுடா” என்ற ஒரு குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார், சொன்னேன். “அப்ப நீங்க நம்ம கட்சி” என்று தோளில் தட்டிவிட்டு ஆடப் போனார்.

என் பக்கத்தில் எப்போதும் நிற்கும் மைதானக் காவலர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழு ஆண்டு மழையிலும் வெயிலிலும் என்னோடு நின்றவர் அவர். “மோனே, இன்று நீ ஆர்க்கா?” என்று மலையாளத்தில் கேட்டார். இன்று நீ யாருக்காக என்று பொருள். நான் பதில் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் சென்னை அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு பின்காவலர்களைக் கடந்து அழகாகக் கோல் அடித்தார். கைதட்ட வேண்டிய ஆட்டம், தட்டினேன். ஆனால் கை தட்டும்போதே நெஞ்சில் ஒரு வலி. எங்கள் கோல் காவலன் சேற்றிலிருந்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் அந்த வலி எதனால் என்பது விளங்கியது. அவன் ஜூன் மாதத்தில் பந்தைப் பிடிக்கத் தடுமாறியதை நான் கண்டவன். ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகத் தேறியதையும் கண்டவன். சென்னைப் பிள்ளைகளின் மொழி என் மொழி. இவன் பட்ட பாடோ என் கண் முன்னே நடந்தது. காவலரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

இது துரோகமா என்று அன்றிரவு பரணில் படுத்து யோசித்தேன். பிற்காலத்தில் கால்பந்தாட்ட வரலாற்றைப் படித்தபோது மனம் தெளிந்தது. கல்கத்தாவில் 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் சங்கத்தை நேயர்களில் பலர் அறிவீர்கள். கீழை வங்காளத்திலிருந்து வந்தோரின் சங்கம் அது. 1947-இல் நாடு பிரிந்தபின் வீடிழந்து வந்த அகதி மக்கள் அதைத் தங்கள் உயிராகக் கொண்டனர். அச்சங்கத்தின் மிகப் பெரும் புகழுக்குரிய முன்னணி ஆட்டக்காரர் ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்பார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற அந்த ஐவரும் தென்னாட்டினர். அவர்களில் சாலே கேரளத்துக்காரர். ஊரிழந்த வங்காளி, தன் மொழி பேசாத ஐவரைத் தன் பிள்ளைகள் என்று கொண்டாடினான். அவ்வைவரும் பிழைப்பு நாடி அயலூருக்கு வந்தவர்களே. வந்தவர்களுக்காக வந்தவர்கள் ஆடிய அந்த ஆட்டத்தில், யார் உள்ளூர், யார் வெளியூர் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

கல்லூரி ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு அன்று. அதில் பிள்ளைகளின் வாழ்வும் அடங்கியிருந்தது. அந்நாட்களில் ஆலுவாய்ப் பக்கத்து உரத் தொழிற்சாலையாகிய பாக்ட் நிறுவனத்துக்கும், களமசேரி பிரிமியர் டயர்ஸ் தொழிற்சாலைக்கும் சிறந்த கால்பந்து அணிகள் இருந்தன. காவல்துறை, துறைமுகம், மின்வாரியம் முதலியவற்றிலும் ஆட்டக்காரர்களுக்கு இடம் உண்டு. பல்கலைக்கழக அணியில் பெயர் வந்தால் வேலைக்கு ஒரு வாசல் திறந்தது என்று அர்த்தம். ஆகவே, அணித் தேர்வுப் பட்டியல் ஒட்டப்படும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். பதினொருவர் ஆடினால், அவர்களில் வாசல் திறந்தது இரண்டொருவருக்கே.

வாசல் திறக்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்க ஓரத்தில் மான்போல் ஓடிய ஆட்டக்காரர் அவர். கடைசி ஆண்டில் முழங்காலில் அடிபட்டு, ஆட்டக் காலம் முடியும் வரை வெளியே உட்கார்ந்திருந்தார். பின்பு மைதானத்தில் அவரைக் காணவில்லை. ஈராண்டு கழித்து ஒருநாள் அவர் எங்கள் கடைக்கு வேட்டி வாங்க வந்தார். உடல் சற்றுப் பருத்திருந்தது. ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அவருக்கு என்னைத் தெரியாது. எப்படித் தெரியும்? ஆடுபவனுக்கு ஓரத்தில் நிற்பவன் ஒரு நிழல். வேட்டியை மடித்துக் கொடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. இன்ன மாதம், இன்ன மழை நாளில், மூலைத் தேக்கத்திலிருந்து பந்தைத் தூக்கியெடுத்து நீங்கள் அடித்த கோலை நான் மறக்கவில்லை என்றேன். அவர் திகைத்துப்போனார். அன்றைய ஆட்டத்தில் எண்ணி ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. “அதை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மீதிச் சில்லறையை வாங்க மறந்து போய்விட்டார். நான் வீதியில் ஓடிச் சென்று கொடுத்தேன்.

ஓர் அபிமானியால் ஆட்டத்துக்கு என்ன பயன் என்று யாரேனும் கேட்டால், இந்த நிகழ்ச்சியையே நான் சொல்வேன். அவன் கோல் அடிப்பதில்லை, தடுப்பதுமில்லை. ஆனால் கூட்டமில்லாத நாளில் நடந்ததற்கு அவனே சாட்சி.

1971-ஆம் ஆண்டில் கேரளத்துக் கல்லூரி ஆட்டத்துக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கான அசுதோஷ் முகர்ஜி கோப்பையைக் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் வென்றது. அந்தப் பல்கலைக்கழகம் தோன்றியதே 1968-இல்தான். மூன்றே ஆண்டில் இந்த வெற்றி. அணித் தலைவர் கோல் காவலர் விக்டர் மஞ்ஞிலா. எங்கள் மகாராஜா கல்லூரி அப்போது இணைந்திருந்ததோ கேரளப் பல்கலைக்கழகத்தோடு. ஆகவே, எங்களுக்குள் மகிழ்ச்சி பாதி, பொறாமை பாதி. “அடுத்த வீட்டில் கல்யாணம், விருந்து நமக்கும் உண்டு” என்று மைதானக் காவலர் சொல்லிச் சமாதானம் செய்தார். இரண்டு ஆண்டில் அந்த விருந்து எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டது.

மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941-இல் தொடங்கியது. வங்காளத்தில் சந்தோஷ் என்னும் ஊரின் மகாராஜா பெயரால் அமைந்த கோப்பை அது. கேரளம் அதை ஒருமுறையும் வென்றதில்லை. 1973-இல் போட்டி எறணாகுளத்தில் நடந்தது. ஆடுகளம் எங்கள் மகாராஜா கல்லூரி மைதானம். கேரள அணியின் தலைவர் டி. கே. எஸ். மணி, கண்ணூரில் பிறந்து பாக்ட் அணிக்காக ஆடியவர். துணைத் தலைவர் டி. ஏ. ஜாபர், மட்டாஞ்சேரிக்கு அண்டையிலுள்ள போர்ட்டுக் கொச்சிக்காரர். பல்கலைக்கழகக் கோப்பையை வென்ற மஞ்ஞிலாவும் அந்த அணியில் இருந்தார். இவர்களையெல்லாம் பயிற்றுவித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 1960-இல் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற தமிழர் சைமன் சுந்தரராஜ். அதே ரோம் அணியில், மகாராஜா கல்லூரியில் பயின்ற இரிஞ்ஞாலக்குடை ஓ. சந்திரசேகரனும் இருந்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் ஆடினார்.

டிசம்பர் 27 இறுதி ஆட்டம், எதிரணி ரயில்வே. அன்று காலை முதலே பிராட்வேயில் வியாபாரம் இல்லை. வீதி முழுவதும் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. என் கூலியில் கால் பங்கைக் கழித்துவந்த முதலாளி, பிற்பகலில் கடைப்பலகையை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்து அடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, போவோம்” என்றார். நடக்கும்போது, “மணிங்கிறது நம்ம ஊர்ப் பிள்ளையா?” என்று கேட்டார். கண்ணூர் என்றேன். முகம் சற்று வாடியது. பயிற்சியாளர் தமிழர் என்று சொன்னேன். “அப்படிச் சொல்லு!” என்று நடையைக் கூட்டினார்.

மைதானத்தில் நான் வழக்கமாக நிற்கும் மூலையை அன்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஐம்பது பேர் நின்ற இடத்தில் மக்கள் கடல். மரங்களிலும் மதில்களிலும் ஆட்கள். கேரளம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் மணி ஒருவரே. மூன்றாவது கோல் விழுந்தபோது என் காதருகே ஒரு குரல், “நம்ம பயலுக ஜெயிச்சுட்டானுகடா!” என்று கத்தியது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி. ஆண்டுக்கணக்காகப் பிராட்வேயில் கடை வைத்திருந்தவர். அன்றுவரை அவ்வூரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘இவங்க ஊரு’ என்றே சொல்லிவந்தவர்.

மறுநாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்த மாதக் கணக்கில் என் கூலி முழுமையாக இருந்தது. அதன் பின் அவர் ஒருபோதும் கழிக்கவில்லை.

நேயர்களே, இதெல்லாம் நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஜாபர் பிற்காலத்தில் பயிற்சியாளராகி, 1992-இலும் 1993-இலும் கேரளத்துக்கு அதே கோப்பையைப் பெற்றுத் தந்தார். தொழிற்சாலை அணிகள் பல மறைந்துவிட்டன. 2014-இல் தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டையைப் பிள்ளைகள் அணிந்து, கலூர் விளையாட்டரங்கத்துக்குப் போகிறார்கள். என் பேரனும் போகிறான். அங்கே ஆடுபவர்களில் எத்தனையோ தேசத்தார் உண்டு. அவர்களையும் இவன் ‘நம்ம ஆளு’ என்றே சொல்கிறான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. மகாராஜா கல்லூரி மைதானத்தைச் சுற்றி இன்று செயற்கை ஓடுபாதை அமைந்திருக்கிறது. மழை பெய்தால், பழைய மூலையில் தண்ணீர் தேங்குகிறதா என்று நான் இன்னும் எட்டிப் பார்ப்பதுண்டு.

மதுங்காவிலோ, தில்லியிலோ, கல்கத்தாவிலோ, பெங்களூரிலோ இருந்து இவ்வுரையைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வந்த ஊர் நமக்குச் சொந்தமாவது வீடு வாங்கும் நாளில் அன்று. பட்டியலில் பெயர் ஏறும் நாளிலும் அன்று. அவ்வூர்ப் பிள்ளைகள் விழுந்து எழுவதை, யாரும் பார்க்காத நாட்களில் நின்று பார்த்தவனுக்கே அது சொந்தமாகிறது. உங்கள் வீட்டருகே ஏதேனும் ஒரு கல்லூரியில் மாலை நேரத்தில் பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் போய் ஓரத்தில் நில்லுங்கள். மறுவாரமும் போங்கள். இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் தானே வரும். சாதாரண நாட்களுக்குத்தான் ஆள் வேண்டும்.